முன்பக்கத்துத் தொகை

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று எது, வரவு எது என்று மனசுக்குள் கோடு போட்டுவிடுவோம். போன வாரம் டி.வி.யில் சிங்க்ரனைஸ்டு ஸ்கேட்டிங் பார்த்தபோதும் அதுதான் நடந்தது.

தெரியாதவர்களுக்கு: பனித்தளத்தில் பதினாறு பேர், பெரும்பாலும் பெண்கள், ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு தோளோடு தோள் பிடித்துச் சறுக்குவார்கள். வட்டம் போடுவார்கள், காற்றாடிபோல் சுற்றுவார்கள். அப்புறம் எட்டு எட்டுப் பேராக இரண்டு வரிசை எதிரெதிரே பாய்ந்து வந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். அதுவும் சமயத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு! காலுக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகல இரும்பு. ஒருத்தி விழுந்தால் பதினாறு பேருக்கும் மார்க் குறையும். நம் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முதல் நாள் இதைத்தான் செய்கிறோம் என்றாலும், நமக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையே வேடிக்கை. 1956-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் ரிச்சர்ட் போர்ட்டர் என்பவர் ‘ஹாக்கெட்ஸ்’ என்று ஒரு குழுவை ஆரம்பித்தார். எதற்கு? பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளையில் ஜனங்களுக்குப் பொழுது போக. சினிமாக் கொட்டகையில் முறுக்கு, சோடா மாதிரி. முறுக்கு விற்க வந்தவர் பிற்பாடு ஹீரோ ஆன கதை இது.

ஹீரோக்களில் ஒரு குழு, ஒஹையோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகக் குழு. இதில் பூகோளக் குழப்பம் ஒன்று இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். மயாமி என்றாலும் ஃப்ளோரிடாவில் இல்லை. இருக்கும் ஊரின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு என்றாலும் இங்கிலாந்தில் இல்லை. 2007-ல் உலக சாம்பியன்ஷிப்பில் இவர்கள் வெள்ளிப் பதக்கம் வாங்கியது லண்டனில். அந்த லண்டனும் இங்கிலாந்தில் இல்லை, கனடாவில்! ஆனால் பதக்கம் மட்டும் அசல். அந்தப் போட்டியில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். எல்லாரும் பரீட்சைக்கும் படிக்க வேண்டிய காலேஜ் பிள்ளைகள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் என் பி.காம். மூளை குறுக்கே வந்தது. இந்தக் குழு தொடங்கியது 1977-ல். பதக்கம் 2007-ல். நடுவே முப்பது வருஷம். காலேஜ் குழு என்பது டவுன் பஸ் மாதிரி. நாலு வருஷம் உட்கார்ந்துவிட்டு, டிகிரி வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அப்படி எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள்!

அந்த ஆரம்பகாலப் பெண்களை நினைத்துப் பாருங்கள். இந்த விளையாட்டுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்ததே 2000-ல்தான், மினியாபொலிஸ் நகரத்தில். அதற்கு முன் படிப்பை முடித்தவர்களுக்கு அப்படி ஒரு மேடையே கிடையாது. அவர்கள் ஆடிய காலத்தில் ஆட்டத்தின் பெயரே வேறு, ‘ப்ரிசிஷன் ஸ்கேட்டிங்’. 1998-ல்தான் பெயரை மாற்றினார்கள். ஒலிம்பிக்கோ இன்றுவரை சேர்த்துக்கொள்ளவில்லை. புகழும் இல்லை, பணமும் இல்லை. பனியில் விழுந்து எழுந்து பழகி, அடுத்த செட்டுக்கு “இப்படிப் பிடிச்சுக்கோ, தோளை இறக்காதே” என்று சொல்லிவிட்டு, வேலை, கல்யாணம், குழந்தை என்று போய்விட்டார்கள். 1977-ல் முதல் வருஷம் சேர்ந்த பெண்ணுக்குப் பதக்கம் வந்தபோது நாற்பத்தெட்டு வயசு சொச்சம் இருக்கும். மேடையில் ஏறியவர்கள் அன்றைய குழு. ஏணியாக இருந்தவர்கள் அத்தனை பேர்.

கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் எப்படி ஆரம்பிக்கும்? முதல் வரியில் பி.எஃப். என்று போட்டு ஒரு தொகை. உடனே பிராவிடண்ட் ஃபண்ட் என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். இது ‘பிராட் ஃபார்வேர்ட்’. முன்பக்கத்திலிருந்து கொண்டு வந்தது. அந்த வரியை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள், ஜென்மத்துக்கும் டாலி ஆகாது. 2007-ன் வெள்ளியும் அப்படித்தான். அந்த வருஷத்து வரவு கொஞ்சம், முன்பக்கத்துத் தொகை நிறைய.

நம் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். பத்து வருஷத்துக்கு முந்திய ரசீதை ரெண்டே நிமிஷத்தில் உருவி எடுத்துக் கொடுத்து மேனேஜரிடம் சபாஷ் வாங்குகிறோம். அந்த ஃபைலுக்கு நம்பர் போட்டு, சிவப்பு மையில் அட்டவணை எழுதி, அலமாரியில் வரிசையாக அடுக்கியது யார்? எப்போதோ ரிடையர் ஆன ஒரு ஹெட் கிளார்க். அவருக்குச் சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் அவர் நாற்காலிக்குச் சண்டை போட்டோம்.

நம் விழாக்களில் நன்றியுரை கடைசி ஐட்டம். மைக்செட் ஆசாமி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பார். முன்வரிசை காலி. நன்றி சொல்கிறவரும் கேட்கிறவரும் டிபன் எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அவசரத்தில், மேடையில் இருப்பவர்களின் பெயரே பாதி விட்டுப்போகும். மேடைக்கே வராதவர்களை யார் நினைக்கப் போகிறார்கள்?

இப்போது கம்ப்யூட்டரே தொகையைக் கொண்டுபோய் அடுத்த பக்கத்தில் போட்டுவிடுகிறது. சௌகரியம்தான். ஆனால் கையால் எழுதிய காலத்தில், அந்தத் தொகையை எடுத்து எழுதவாவது முன்பக்கத்தை ஒரு தடவை பார்ப்போம். அங்கே யார் யார் பெயரில் என்னென்ன வரவு என்று கண்ணில் படும். புதுப் பக்கத்தில் தொகைதான் வரும், பெயர்கள் வராது.

பெயர்கள் வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும். அதற்கு ஆடிட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?