சுருங்கிய படமும் சுருங்காத கடமையும்

புதுச்சேரிப் பிரதேசம் ஒரே நிலப்பரப்பன்று. காரைக்கால் காவிரியின் கடைமடையில் இருக்கிறது. மாஹி மலையாளக் கரையில். ஏனாம் கோதாவரியின் கழிமுகத்தில். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற இவ்வமைப்பினால், கோரிமேட்டு ஜிப்மர் நிபுணரின் கண் ஏனாத்து நோயாளியை எட்டுவது எளிதன்று. தொலைமருத்துவம் மற்ற ராஜ்யங்களுக்கு வசதியென்றால், நமக்கு அது அத்தியாவசியமாகும். தவளக்குப்பத்தில் 2003-இல் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு வழிகாட்டியிருக்கிறது. அதன் கிராமப் பார்வை மையங்களுக்கு வருவோரை நகரத்து வைத்தியர் கணினி வாயிலாகக் கண்டு ஆலோசனை கூறுகிறார்.

படம் பெரிது, அது செல்லும் வழியோ குறுகலானது. ஆதலின் படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். இக்கலைக்கு ஆணிவேரான கணித முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமதும், டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்போரும் ஆவர். 1992-இல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறை அதன்மேலேயே நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை அது கழித்துவிடுகிறது. கல்யாணப் படத்திற்கு இதனால் குறைவொன்றுமில்லை. ஆனால் நீரிழிவுக்காரரின் விழித்திரையில் நோயின் முதல் அடையாளம் ஊசிமுனை போன்ற செம்புள்ளியேயல்லவா? அளவுமீறிச் சுருக்கினால் அப்புள்ளியும் கழிவோடு போய்விடக்கூடும். வைத்தியர் ‘நோயில்லை’ என்பார். ஏழை நிம்மதியாக வீடு திரும்புவார். பார்வை மங்கிய பின்னரே உண்மை வெளிப்படும்.

சுருக்குவதே கூடாதென்று நாம் சொல்லவில்லை. எதையும் இழக்காமல் சுருக்கும் முறையும் உண்டு. ஆனால் அதனால் படம் பெரும்பாலும் பாதியாகவோ மூன்றிலொன்றாகவோதான் குறையும். இழந்து சுருக்கும் முறை பத்திலொன்றாகவும் குறைக்கவல்லது. வராத படத்தைவிட வந்த படம் மேலென்னும் வாதத்தில் நியாயமுண்டு. குறைத்ததை மறைக்கலாகாது என்பதே நமது கட்சி. மருத்துவப் படங்களுக்கான டைகாம் என்னும் சர்வதேச விதி, ஒருமுறை இழந்து சுருக்கிய படத்தில் அதற்குரிய குறி என்றும் நீங்காதிருக்க வேண்டுமென்கிறது. வாட்ஸ்அப்பில் பறந்துவரும் படத்தில் அக்குறி ஏது?

ஆகவே சர்க்கார் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்க வேண்டும். சுருக்காத மூலப்படம் எடுத்த இடத்திலேயே பாதுகாக்கப்பட வேண்டும். வந்த படம் எவ்வளவு சுருக்கப்பட்டதென்பது வைத்தியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். ஐயம் தோன்றினால் மூலத்தைக் கேட்டுப்பெற அவருக்கு உரிமை வேண்டும். நியாயஸ்தலத்தில் மூலப் பத்திரம் கையிலிருக்க நகலை மட்டும் நீட்டினால் நீதிபதி ஒப்புவாரா? ஒரு துண்டு நிலத்திற்குள்ள காப்பு ஏழையின் கண்ணுக்கும் வேண்டாமா? மாஹியில் வாழ்பவரும் ஏனாமில் வாழ்பவரும் புதுச்சேரிக் குடிமக்களே. அவர்களுக்கு அரைப்படம் போதுமென்று தீர்மானிக்க எவருக்கும் அதிகாரமில்லை.