ஆவடி வெயிலுக்கு க்ளோவர் தாங்குமா?

‘‘எங்கள் வீட்டின் முன்பு 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். சித்திரை வந்தால் கிணறு அடி தட்டிவிடுகிறது. லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு ஊற்ற மனம் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன், புல்லை எடுத்துவிட்டு க்ளோவர் விதையைத் தூவச் சொல்கிறான். அதெல்லாம் வேண்டாம், சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். எது சரி?’’

- வாசகி, ஆவடி.

மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. க்ளோவர், நம் உளுந்து, பச்சைப்பயறு போலப் பயறு வகைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா, காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். யூரியா செலவு இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் புல்தரை விதையோடு வெள்ளை க்ளோவர் விதையையும் கலந்துதான் விற்றார்கள். 1940-களில் 2,4-டி களைக்கொல்லி வந்தது. அது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். கூடவே க்ளோவரும் கருகியது. மருந்தைக் குறை சொல்வதற்குப் பதிலாக, க்ளோவரையே களை என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீரும் உரமும் கட்டுப்படியாகாமல் போன பிறகு, இப்போது மறுபடியும் அதைத் தேடுகிறார்கள்.

ஆனால், அது குளிர்ப் பிரதேசத்துச் செடி. நீலகிரி மேய்ச்சல் நிலங்களில் வெள்ளை க்ளோவரைப் பார்க்கலாம். 40 டிகிரி அடிக்கும் ஆவடிக்கு அது ஆகாது. நானும் ஆசைப்பட்டு, கார்த்திகைக் கடைசியில் கொஞ்சம் விதைத்துப் பார்த்தேன். தை மாதம் வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பங்குனியில் ஒரு தழைகூட மிச்சமில்லை. வட இந்தியாவில் குளிர்காலத் தீவனமாகப் பயிரிடும் பெர்சீமும் ஒரு க்ளோவர்தான். அதுவும் கோடை வந்தால் முடிந்துவிடும். மேலும், நிமிர்ந்து வளரும் பயிர் அது, தரையை மூடாது. ‘க்ளோவர் விதை’ என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் புல்தரையில் சரியாக வளராத, கொஞ்சம் சொட்டை விழுந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சின்னச் சின்ன மூன்று இலைகளோடு, தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்ட செடி ஒன்று அநேகமாக இருக்கும். பூ, ஊதா கலந்த இளஞ்சிவப்பில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் சிறுபுள்ளடி. இதுவும் பயறு வகைக் குடும்பம்தான். நம் வெயிலுக்குப் பிறந்த க்ளோவர் என்றே சொல்லலாம். தோட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்து இத்தனை வருஷமாக இதைத்தான் பிடுங்கிப் போட்டிருப்பீர்கள்!

புளியாரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கும் மூன்று இலைதான். ஆனால், பூ மஞ்சள். இலையைக் கடித்தால் புளிக்கும். சந்தேகமாக இருந்தால் செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். சிறுபுள்ளடி என்றால் வேரில் முடிச்சுகள் இருக்கும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். அப்படி இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சிறுபுள்ளடியை வளர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பிடுங்குவதை நிறுத்துங்கள். யூரியா தூவுவதையும் நிறுத்துங்கள். தழைச்சத்தைக் கொட்டினால் புல் எழும்பி இதை அமுக்கிவிடும். களைக்கொல்லி பக்கமே போகக் கூடாது. கடும் கோடையில் இலை உதிர்ந்து பழுப்பாகத் தெரியும். பதறி லாரிக்கு போன் செய்ய வேண்டாம், மழை விழுந்ததும் துளிர்க்கும்.

வருஷம் முழுக்கப் பச்சையாகவே வேண்டும் என்றால், பொடுதலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே பொடுதலைதான். பயறு வகை இல்லை, தழைச்சத்து தராது. ஆனால், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வளர்ந்து பழகிய செடி. ஐப்பசி, கார்த்திகையில் நீர் நின்றாலும் தாங்கும், கோடையிலும் தாங்கும். 2023 டிசம்பர் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியதைப் பார்த்தோம். நம் பக்கத்துக்கு இந்த இரண்டு குணமும் உள்ள செடிதான் வேண்டும். ஜப்பானில் பொடுதலையிலேயே ஒரு ரகத்தைத் தேர்வு செய்து, ‘குராபியா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக அதை வாங்கி நடுகிறார்கள். நமக்கு அது வரப்பிலேயே கிடக்கிறது.

ஒரே நாளில் 600 சதுர அடியையும் கொத்திவிடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் 100 சதுர அடிப் புல்லை ஒட்ட வெட்டி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்துவிடுங்கள். ஐந்தாறு வாரத்தில் புல் வெந்துவிடும். ஆடியில் மாலை மழை தொடங்கியதும், மூன்று கணு உள்ள பொடுதலைத் தண்டுகளை அரை அடி இடைவெளியில் ஊன்றுங்கள். 400 தண்டுகள் வேண்டியிருக்கும். இடையிடையே சிறுபுள்ளடியை மண்ணோடு பெயர்த்து வையுங்கள். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தரை மூடிவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேர் பிடித்துவிட வேண்டும் என்பதால், ஆவணிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் தினமும் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு இது சரிவராது. அங்கே அருகம்புல்லே இருக்கட்டும். பொடுதலை பூத்தால் தேனீ வரும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் வீடு என்றால், பூக்கும்போது ஒருமுறை வெட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு ஒரு கணக்கு. கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ தண்ணீர் என்று வைத்தால், 600 சதுர அடிக்குச் சுமார் 280 லிட்டர். ஓர் ஆளுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்கு. ஆக, உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு பேர் கூடுதலாகக் குடியிருக்கிறார்கள். அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று அவர் நினைப்பது சரிதான். அதற்கு சிமென்ட் போடுவதுதான் தவறு. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ மழை. உங்கள் 600 சதுர அடியில் மட்டும் 78,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஆறுக்கு மேல். அவ்வளவும் மண்ணுக்குள் இறங்காது. ஆனால், சிமென்ட் போட்டால் மொத்தமும் தெருவுக்குப் போய்விடும். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்தபோது, லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

‘‘வாசலில் பொடுதலை படரவிட்டால் பாம்பு வரும் என்கிறார்களே?’’

- வாசகர், பூந்தமல்லி.

இரண்டு மூன்று அங்குலம் உயர்கிற செடிக்குள் பாம்பு எங்கே ஒளியும்? உங்கள் மதிலோரம் உடைந்த செங்கல், பழைய ஓடு, தேங்காய் மட்டை குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எலி இருக்கும். பாம்பு எலியைத் தேடித்தான் வரும். முதலில் அந்தக் குவியலை அப்புறப்படுத்துங்கள். பொடுதலை பாட்டுக்குப் படரட்டும்.