மெஷின் வந்தால் போஸ்டிங் ஏன் போகிறது?

எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஸ்டான்லிக்கு வருகிறவர்களின் ரத்தத்தை மெஷின் சோதிக்கட்டும். ரிசல்ட் சீக்கிரம் வந்தால் அரைநாள் கூலியாவது மிஞ்சும். ஆனால் ஆட்டோ அனலைசரைக் காட்டி ‘இனி ஆள் எதற்கு?’ என்பவர்களைக் கேட்கிறோம்: நரம்பு தேடி ஊசி குத்துவது மெஷினா? ரத்த அணுக்களின் கணக்கில் சந்தேகம் என்று மெஷினே எச்சரிக்கும்போது, ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது யார்? லேப் கழிவை அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சேரிக்காரர்கள்?

எம்.ஆர்.பி. வழியாக லேப் டெக்னீஷியன் பணியிடத்தை நிரப்பினால் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதிக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3. ஏஜென்சி வழியாக ஆள் எடுத்தால் இந்தக் கணக்கே கிடையாது. டி.எம்.எல்.டி. முடித்த பிள்ளை வெளியே நிற்க, துடைப்பம் மட்டும் நமக்கு நூறு சதவீத ஒதுக்கீடா?

மெஷினுக்கு டெண்டர் விடுகிற அன்றே காலிப் பணியிடங்களுக்கும் அறிவிப்பு விடுங்கள்.