எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

இந்த வாரம் பயிர், உரம் எதுவும் இல்லை. கொஞ்சம் ஊர் அரசியல் பேசலாம்னு இருக்கேன்.

எங்க கதிர்காமத்துல உள்ளாட்சித் தேர்தல்னு பேச்சை எடுத்தாலே ஒரே பதில்தான் வரும். "அது எதுக்குப்பா? மேல இருக்கறவங்க திங்கறது பத்தாதா, வார்டுக்கு ஒருத்தன் வந்து வேற திங்கணுமா?" டீக்கடையில மட்டும் இல்லை, படிச்சவங்களும் இதையேதான் சொல்றாங்க. எனக்கு இது தப்புன்னு படுது. ஏன்னு சொல்றேன்.

வாழை போடறவங்களுக்கு ஜல்காவ் தெரிஞ்சிருக்கும். மகாராஷ்டிராவுல வாழைக்குப் பேர் போன ஊர். அந்த நகராட்சியை ரொம்ப காலம் கைக்குள்ள வச்சிருந்தவர் சுரேஷ்தாதா ஜெயின். ஒன்பது தடவை எம்.எல்.ஏ., நடுவுல மந்திரி. கட்சி மாறிக்கிட்டே இருந்தார், ஊரும் அவர் பின்னாடியே போச்சு. 1990-கள்ல குடிசையில இருக்கறவங்களுக்கு வீடு கட்டித் தர்றோம்னு நகராட்சி ஒரு திட்டம் போட்டது. 'கர்குல்'னு பேர். ஆயிரக்கணக்குல வீடு வரும்னு சொன்னாங்க. கட்டி முடிச்சது சுமார் 1500. பணம் மட்டும் கான்ட்ராக்டர் கைக்குப் போயிடுச்சு. 29 கோடி ரூபாய் ஊழல்னு பத்திரிகைகள்ல அடிபட்டது இதுதான்.

2006-ல அங்க நகராட்சி கமிஷனரா இருந்த பிரவீண் கெடாம் போலீசுல புகார் கொடுத்தார். 2012 மார்ச் மாசம் ஜெயின் கைதானார். 2014 சட்டமன்றத் தேர்தல்ல ஜெயில்ல இருந்துகிட்டே நின்னார். அத்தனை வருஷம் தூக்கிவச்ச ஜனமே தோற்கடிச்சது. 2019 ஆகஸ்ட் 31-ம் தேதி துலே கோர்ட்டு அவருக்கு 7 வருஷம் ஜெயிலும் 100 கோடி அபராதமும் போட்டது. முன்னாள் கவுன்சிலர்களையும் சேர்த்து மொத்தம் 48 பேருக்குத் தண்டனை. அப்புறம் அப்பீல் போட்டு ஜாமீன்ல வந்துட்டார்.

"பாத்தியா, கவுன்சிலருங்களும் சேர்ந்துதானே மாட்டினாங்க"ம்பீங்க. வாஸ்தவம்தான். ஆனா இன்னொண்ணையும் பாருங்க. யாரைக் கேக்கணும்னு அந்த ஊருக்குத் தெரிஞ்சிருந்தது. ஓட்டுப்போட்டு உக்கார வச்ச ஜனம், ஓட்டுப்போட்டே இறக்கிடுச்சு. தீர்ப்பு வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அந்த வேலை முடிஞ்சுது.

சீனாவுல வேற மாதிரி. சென் லியாங்யூன்னு ஒருத்தர் ஷாங்காய் மேயரா இருந்து, 2002-ல அந்த நகரத்துக் கட்சிச் செயலாளரானார். அங்க மேயரை விட அதுதான் பெரிய பதவி. தொழிலாளிங்க ஓய்வூதியத்துக்காகச் சேர்த்து வச்ச பணத்தைத் தொழிலதிபர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரத்துல 2006-ல பதவி போச்சு. 2008-ல 18 வருஷம் ஜெயில். தண்டனை கடுமைதான். ஆனா அவரை உக்கார வச்சதும் கட்சி, இறக்கினதும் கட்சி. பணத்தைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு அதுல ஒரு பங்கும் இல்லை.

நம்ம பக்கம் மூணாவதா ஒரு வழி பண்ணினாங்க. 1973-ல சென்னை மாநகராட்சியில மஸ்டர் ரோல் ஊழல். மஸ்டர் ரோல்னா கூலி ஆளுங்களோட வருகைப் பதிவேடு. நூறு நாள் வேலைக்குப் போறவங்களைக் கேட்டா சொல்வாங்க. இல்லாத ஆளு வேலை செஞ்சதா எழுதிக் கூலி எடுத்தாங்கன்னு புகார். மாநகராட்சியும் தி.மு.க., மாநில ஆட்சியும் தி.மு.க. இருந்தும் கலைஞர் மன்றத்தைக் கலைச்சார். அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனா திரும்பத் தேர்தல் நடந்தது 1996-லதான். நடுவுல எத்தனையோ ஆட்சி மாறிச்சு, 23 வருஷம் அதிகாரிங்கதான் ஊரைப் பாத்துக்கிட்டாங்க. கள்ளக் கணக்கு எழுதினது சில பேரு, ஓட்டை இழந்தது சென்னை மொத்தமும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

புதுச்சேரியில நாங்க ஊழல் நடக்கறதுக்கு முன்னாடியே வீட்டைக் கொளுத்திட்டோம். 1968-ல உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழிச்சு 2006-ல. 2011-ல அவங்க காலம் முடிஞ்சுது. 2021-ல தேதி வரைக்கும் அறிவிச்சாங்க, இட ஒதுக்கீடு பிரச்சினை கோர்ட்டுக்குப் போய் அதுவும் நின்னுபோச்சு. பிரெஞ்சுக்காரன் 1880-லயே இங்க முனிசிபாலிட்டி வச்சான். கடற்கரையில அவன் கட்டின மேரி கட்டடம் 2014 மழையில இடிஞ்சு விழுந்தது. அதைப் பழையபடியே அழகாக் கட்டி 2021-ல திறந்தும் வச்சாச்சு. கட்டடம் திரும்பி வந்துடுச்சு, அதுல உக்கார வேண்டிய ஆளுங்க வரலை.

கதிர்காமம் உழவர்கரை நகராட்சியில சேர்ந்தது. பேர்லயே உழவர் இருக்கு. எனக்கு ஒன்றரை ஏக்கர். மடைக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் பிளாஸ்டிக் பையும் கட்டட இடிபாடுமா அடைச்சுக் கிடக்கு. மூணு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒருத்தர் இன்னொருத்தர் வேலைன்னாரு, அவரு மூணாவது ஆளைக் காட்டினாரு. அடுத்த தடவை போனப்ப அதிகாரியே மாறிட்டார். கவுன்சிலர்னு ஒருத்தர் இருந்தா, அவர் திருடனாவே இருந்தாலும், அதே தெருவுலதானே குடியிருக்கணும்? சாயங்காலம் அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். அஞ்சு வருஷத்துல அவரும் என் வாசலுக்கு வந்து நின்னாகணும்.

தேர்தல் இல்லைன்னா திருட்டு இல்லைன்னு நினைக்காதீங்க. டெண்டர் விடறாங்க, பில் பாஸ் ஆகுது. கணக்கு என்னன்னு எழுந்து கேக்க மன்றத்துல ஒரு எதிர்க்கட்சிக்காரன்கூட இல்லை, அவ்வளவுதான். ஆட்சிக்கு வர்ற எந்தக் கட்சியும் இதுக்கு அவசரப்படாதது ஏன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

சென்னை நண்பர்களே, நீங்களும் 2016-ல இருந்து 2022 வரைக்கும் கவுன்சிலர் இல்லாம இருந்து பாத்தவங்கதான். இப்ப உங்க வார்டுக்கு ஒருத்தர் இருக்கார். அவர் நல்லவரா கெட்டவராங்கறது அப்புறம். முதல்ல அவர் பேர் என்னன்னு தெரிஞ்சுக்கங்க. போன வருஷம் உங்க தெருவுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு ஒரு தடவை கேளுங்க. நாங்க கேக்கணும்னாலும் இங்க ஆள் கிடையாது.