சுருக்குப் பையில் உறங்கும் பற்கள்

தொப்பூர்க் கணவாயை அடுத்த சிற்றூர்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் முதியோரிடம், "பல் கட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டால், சிலர் வாயைத் திறந்து காட்டுவதில்லை, சுருக்குப் பையைத் திறந்து காட்டுகிறார்கள். அண்மையில் வந்த மூதாட்டி ஒருவரும் அவ்வாறே காட்டினார். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே பல் செட்டை அணிவாராம். உண்ணும்போது அணியலாகாதா என்று வினவினோம். "களி முழுங்கப் பல்லு எதுக்குங்க?" என்றார். உடன் வந்த மகனும் சிரித்தார்.

மகன் மருந்துச் சீட்டுடன் வெளியே சென்றபின், மூதாட்டி உண்மையைச் சொன்னார். ஓராண்டாகவே அந்தப் பல் செட் கீழ் ஈறில் உரசிப் புண்ணாக்கி வந்திருக்கிறது. மீண்டும் மகனுக்குச் செலவு வைக்க மனமில்லாமல், ஒருவரிடமும் சொல்லாமல் கழற்றி வைத்துவிட்டார். இத்தகைய மௌனமே, பல் இழந்த முதியோரின் உடல்நலத்தைப் பெரிதும் கெடுக்கிறது என்பது எங்கள் கருத்து.

கேழ்வரகுக் களி சத்துள்ள உணவு; ஐயமில்லை. ஆயினும் களியும் குழம்பும் மட்டுமே முழு உணவாகிவிடா. மெல்ல இயலாதவர்கள் முதலில் நிலக்கடலையை விடுகிறார்கள். பிறகு காய்கறி, பயறு, பழம், இறைச்சி என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து நீங்குகின்றன. மலச்சிக்கலும் மெலிவும் தொடர்கின்றன. நீரிழிவு நோயாளியிடம் "காய்கறியை மிகுதியாக உண்ணுங்கள்" என்று நாங்கள் கூறும் அறிவுரையும் பயனற்றுப் போகிறது. ஆதலின் பல் செட்டை முகத்திற்கான அணிகலனாகக் கருதாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருத வேண்டுகிறோம்.

பல் கட்டுவதற்கு முன் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிப்பதற்கு ஏற்றதன்று. இம்மாவட்டத்திற்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் பயன்பாட்டிற்கு வந்ததன் காரணமும் இதுவே. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைக் குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறை நிலைத்துவிடுகிறது. கறையைக் கண்டு கூசி, "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெள்ளைப் பல் கட்டுங்கள்" என்று கேட்போர் உளர். கறை படிந்த பல் எல்லாம் கெட்ட பல் அன்று. உறுதியாக நிற்கும் பல்லைக் காப்பாற்றி, அதன் நிறத்தை வேறு வழிகளில் சீர்செய்ய இயலும். பிடுங்கிய பல் மீண்டும் முளைப்பதில்லை. அது நின்ற இடத்தின் எலும்பும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. எஞ்சியுள்ள இரண்டொரு பற்கள்கூடப் பல் செட்டைப் பிடித்து நிறுத்த உதவும்.

எந்த வகையைத் தேர்வது? பற்கள் யாவும் இழந்தவர்களுக்கு அக்ரிலிக்கால் ஆன முழுப் பல் செட் பொதுவானது. சில பற்கள் மட்டும் இல்லாதவர்களுக்குக் கழற்றி மாட்டும் பகுதிப் பல் செட், பக்கத்துப் பற்களின்மேல் நிலையாக ஒட்டும் பிரிட்ஜ், எலும்பில் பொருத்தும் இம்ப்ளான்ட் ஆகியன உண்டு. விலை மிக்கதே சிறந்தது என்பதில்லை. எலும்பின் அளவு, நீரிழிவின் கட்டுப்பாடு, குடும்பத்தின் வசதி ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். செலவு தடையானால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரியுங்கள். ஒரே நாளில் மலிவாகப் பல் கட்டித் தருவதாகக் கூறும் பதிவு பெறாதவர்களிடம் செல்லாதீர்கள். பக்கத்துப் பல்லோடு சேர்த்து அவர்கள் ஒட்டிவிடும் அக்ரிலிக், ஈறைப் புண்ணாக்கி நல்ல பல்லையும் ஆட்டம் காணச் செய்துவிடும்.

முறையாகச் செய்யும் முழுப் பல் செட்டிற்கு, அளவெடுப்பதிலிருந்து பொருத்துவது வரை நான்கைந்து வருகைகள் தேவைப்படும். பல் பிடுங்கிய புண் ஆறவும் பொதுவாக 2 முதல் 3 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அணிந்த முதற் சில வாரங்களில் எச்சில் மிகும், பேச்சுக் குழறும், கீழ்ச் செட் அசையும். மென்மையான உணவைச் சிறு துண்டுகளாக்கி இருபுறமும் மெல்லப் பழகுங்கள். செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். பேச்சு விரைவில் தெளியும். உரசினால் பிளேடால் சுரண்டுவதும், உடைந்தால் கடைப் பசையால் ஒட்டுவதும் கூடா. மருத்துவர் சில நிமிடங்களில் சரிசெய்வதை, அவ்வாறு நீங்களே நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவாயினும் காட்டுங்கள். புகையிலை, வெற்றிலை பாக்குப் பழக்கம் உடையோர் சிறிதும் தாமதிக்கலாகாது.

பராமரிப்பு எளியது. உண்டபின் பல் செட்டைக் கழற்றி அலசுங்கள். நாள்தோறும் மென்மையான பிரஷ்ஷாலும் சோப்பாலும் தேய்த்துக் கழுவுங்கள். பற்பசை, பல்பொடி, சாம்பல் ஆகியன கீறலை உண்டாக்கும். கை தவறி விழுந்தால் உடையாதிருக்க, கீழே நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் இட்டால் வடிவம் மாறிவிடும். இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் வையுங்கள். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பல் செட்டுடன் உறங்கியோருக்கு நிமோனியா காணும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எனவே, கழற்றாமல் உறங்குவதைச் சிறு தவறாக எண்ண வேண்டா.

மருத்துவமனையில் சேரும்போது உடனிருப்போர் பல் செட்டைப் பற்றிச் செவிலியரிடம் தெரிவியுங்கள். அறுவைச் சிகிச்சைக்குமுன் அதைக் கழற்றியாக வேண்டும். காகிதத்தில் மடித்துச் சாப்பாட்டுத் தட்டில் வைத்தால் குப்பைக்குப் போய்விடும். பெயரெழுதிய மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

அந்த மூதாட்டியிடம் பிழையில்லை. அவருடைய பல் செட் 9 ஆண்டுப் பழையது. தாடையெலும்பு தேய்ந்து வடிவம் மாறியிருக்க, பல் செட் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. ஆண்டுக்கொருமுறை காட்டியிருந்தால், உட்புறத்தில் புதிய அக்ரிலிக் பூசிப் பொருத்தத்தை மீட்டிருக்கலாம். இதனை மகனிடம் விளக்கியபோது, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார்.

அவர்கள் சொல்லமாட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம். இன்று உங்கள் வீட்டுப் பெரியவருடன் உணவருந்தும்போது, அவர் தட்டில் எது மீதமிருக்கிறது என்று பாருங்கள். பின்னர், பல் வலிக்கிறதா என்று கேளுங்கள்.