நிவாரணக் கணக்கில் மனக்காயமும் சேர வேண்டும்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது தேவையான உதவி. ஆனால், மழை இரைச்சல் கேட்டாலே நடுங்கும் பிள்ளைக்கு என்ன செய்தோம்?

பேரிடருக்குப் பின் தூக்கமின்மை, பயம், திடீர் அழுகை வருவது இயல்பு. உறவும் வேலையும் பள்ளியும் திரும்பக் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். வாரக்கணக்கில் நீடித்தாலோ, குடி அதிகமானாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மருத்துவ உதவி அவசியம்.

தலித் மக்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. பயிர்ச்சேத நிவாரணம் பட்டாவையும் அடங்கலையும் பார்த்து வழங்கப்படுகிறது. அதே வயலில் கூலி இழந்த நிலமற்ற குடும்பம் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2004 சுனாமியின்போது நாகை மாவட்ட முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும், தண்ணீருக்கும் உணவுக்கும் அவமானப்பட்டதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. வெள்ளம் வடிந்தாலும் அந்த அவமானம் வடியாது. சம மரியாதை கிடைக்காத இடத்தில் எந்த ஆலோசனையும் பலிக்காது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 61-ஆவது பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், உள்ளூர்ப் பணியாளர்களையே மன ஆறுதல் பணிக்குப் பயிற்றுவித்து வழிகாட்டியது. சட்டமும் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது.

வேங்கிக்காலில் இயங்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திடம் நாம் கேட்பது மூன்று. அடுத்த பருவமழைக்கு முன், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும். சேதக் கணக்கெடுப்பில் கூலி இழந்தோரையும் சேர்க்க வேண்டும். முகாம் கலைந்த பிறகும் ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு மனநலக் குழுவினர் நேரில் சென்றுவர வேண்டும்.

மாணவர்களும் உதவலாம். 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதை வீடுவீடாகச் சொல்லுங்கள். நிவாரணத்தில் பாகுபாடு நடந்தால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் எழுத்துமூலம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.