தொண்டிலும் வேண்டும் நடுநிலை

பிறர் துயர் கண்டு இரங்குதல் ஈமானின் அடையாளமாகும். தன் தேவையைப் பின்னுக்குத் தள்ளிப் பிறர் தேவையை முன்னிறுத்தும் பெரும்பண்பை அரபு மொழியில் ‘ஈஸார்’ என்பர். மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களை அரவணைத்துக்கொண்ட அன்ஸாரிகளின் இப்பண்பைத் திருமறையின் 59ஆம் அத்தியாயம் புகழ்ந்துரைக்கிறது. ஆயினும், இவ்வுயர்ந்த பண்பின் பெயரால் நம் இல்லங்களில் சிலர் மெல்ல மெல்ல உருகி அழிவதை நாம் கண்டுகொள்வதில்லை. அவ்வாறு அழிவதற்கு மார்க்கத்தின் ஒப்புதல் உண்டா?

வெள்ளிதோறும் நாம் ஓதிவரும் ‘கஹ்ஃபு’ அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். மக்கள் நேர்வழிக்கு வரவில்லையே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கொண்ட வேதனை, அவர்களது உயிரையே மாய்த்துவிடுமோ எனும் அளவுக்குப் பெருகியதை இறைவன் அங்கே சுட்டிக்காட்டுகின்றான். ‘ஷுஅரா’ அத்தியாயத்தின் 3ஆம் வசனமும் இதே கருத்தைக் கூறுகிறது. எடுத்துரைப்பது தூதரின் கடமை. உள்ளங்களைத் திருப்புவது அல்லாஹ்வின் செயல். அகிலத்தின் அருட்கொடையாக வந்த நாயகத்திற்கே இந்த எல்லை நினைவூட்டப்பட்டது என்றால், நாம் எம்மாத்திரம்?

நாயகத் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கியிருந்தார்கள். அவர்களைக் காண வந்த ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், இல்லத்தரசி வாட்டமுற்ற கோலத்தில் இருப்பதைக் கண்டார்கள். தம்முடன் உண்ணுமாறு நண்பரை வற்புறுத்தினார்கள். முன்னிரவில் தொழ எழுந்தவரை உறங்குமாறு தடுத்தார்கள். இரவின் கடைப்பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கு உரிமை உண்டு, உடலுக்கும் உரிமை உண்டு, குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். செய்தி நபிகளாரிடம் சென்றபோது, ஸல்மான் கூறியது உண்மையே என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்று அஞ்சுபவருக்குத் தயம்மும் செய்ய அனுமதி இருக்கிறது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணியும், பாலூட்டும் தாயும் ரமளானில் நோன்பைத் தள்ளிவைக்கலாம். படைத்தவனுக்குச் செய்யும் வணக்கத்திலேயே உடலுக்கு இத்துணைச் சலுகை இருக்கும்போது, படைப்பினங்களுக்குச் செய்யும் தொண்டில் மட்டும் சலுகை கூடாது என்பது எந்த நியாயம்?

பொருளை வழங்குவதிலும் இதே நெறிதான். ஹஜ்ஜத்துல் விதாவின்போது நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள், தம் செல்வத்தின் பெரும்பகுதியை அறத்திற்கு எழுதிவைக்க விரும்பினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதுவே அதிகம் என்று நபிகளார் வரம்பிட்டார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலை வரலாகாது என்பதே காரணம்.

‘அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தபூக் போருக்காகத் தம் உடைமை அனைத்தையும் கொணர்ந்தார்களே!’ என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். வறுமையைத் தாங்கும் மனவலிமை மிக்கவர் என்று அறியப்பட்டவருக்கு அது தகும் என்று இமாம்கள் விளக்கம் தந்துள்ளனர். கொடுத்த பின் ஏங்குபவருக்கும், கடன் சுமை உள்ளவருக்கும், தம்மை நம்பியிருக்கும் குழந்தைகளைப் பட்டினியிடுபவருக்கும் அந்த நிகழ்ச்சி ஆதாரமாகாது.

இக்கால உளவியலாரும் இவ்வுண்மையின் அருகே வந்துள்ளனர். இலவச மருத்துவ நிலையத்தில் ஆர்வத்தோடு தொண்டாற்றியவர்களே சோர்ந்து, எரிச்சலுற்று, உள்ளம் வறண்டுபோவதை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974ஆம் ஆண்டில் எழுதினார். டானியா ஸிங்கர், ஓல்கா கிளிமெக்கி முதலியோர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பிறர் வலியைத் தன் வலியாகவே உணரப் பயிற்றுவிக்கப்பட்டவர்களிடம் துன்ப உணர்ச்சி மிகுந்தது. பின்னர், துயருற்றோரின் நலனை நாடும் கருணையில் பயிற்சி பெற்றதும் அத்துன்பம் தணிந்தது, நல்லுணர்வு வளர்ந்தது. நீரில் மூழ்குபவனோடு சேர்ந்து மூழ்குவது வேறு. கரையில் காலூன்றிக் கயிறு வீசுவது வேறு.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். படுக்கையில் கிடக்கும் மூதாட்டிக்கு மக்கள் நால்வர் இருப்பர். இரவு பகலாகப் பணிவிடை செய்பவளோ ஒரே ஒரு மருமகள். ‘அவள் பொறுமைசாலி, சுவனத்துக்குரியவள்’ என்று மற்றவர்கள் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவர். அப்புகழ்ச்சியே அவளைப் பூட்டும் விலங்கு. மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் நற்குணம். பெற்றோரைப் பேணும் கடமையோ பெற்ற மக்களுக்கே உரியது. அவ்வாறே, வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்புபவனிடம் ஊரிலுள்ள உறவினர் அனைவரும் கேட்பர். அவன் உண்டானா, உறங்கினானா என்று கேட்பவர் அரிது. சூதாடிக் கடன்பட்ட தம்பிக்காக மீண்டும் மீண்டும் ஜாமீன் நிற்கும் அண்ணன், தம்பியின் தீமைக்கும் துணைநிற்கிறான்.

ஆகவே, கொடுப்பவருக்கு மட்டும் அறிவுரை கூறினால் போதாது. பெறுபவருக்கும் மார்க்கம் ஒரு முன்மாதிரியைக் காட்டியிருக்கிறது. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்கள் அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். கொடுக்கும் கை நீள்கிறது என்பதற்காக அதை வற்றும்வரை கறந்துவிடவில்லை. ஈஸார் எனும் அறம் இவ்விருவரிடமும் சேர்ந்தே நிறைவு பெற்றது.

அன்பர்களே! இன்று ஜும்ஆ தொழுது இல்லம் திரும்பியதும், உங்கள் குடும்பத்தின் பாரத்தைத் தனியே சுமப்பவர் யாரென்று பாருங்கள். அவரைப் புகழ வேண்டாம். ‘இன்றிரவு நான் விழித்திருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்’ என்று கூறுங்கள். அவருக்குரிய உரிமையை அவருக்குக் கொடுப்பதும் ஓர் இபாதத்தே. அத்தகைய நடுநிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.